ஆள் போன பின் பாத்திரம் யாருடையது?

கூத்துப் பழகத் தொடங்கிப் பாதிவழியில், அரசனுக்கு ஆட இருந்தவர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். விசா வந்திருக்கலாம், கப்பலில் வேலை கிடைத்திருக்கலாம், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரோடு வாய்த்தர்க்கம் நடந்திருக்கலாம், நோயோ சாவோ வந்திருக்கலாம். பாட்டுக் கொப்பி இருக்கிறது. உடுப்பும் இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் பங்கைப் பாடமாக்கி முடித்துவிட்டார்கள். அந்த அரசனை என்ன செய்வது?

யாழ்ப்பாணக் குடாநாட்டு அரங்கு இந்தக் கேள்வியைப் பல தலைமுறைகளாகச் சந்தித்து வந்திருக்கிறது. 1983 ஜூலை இன வன்முறைக்குப் பின் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறியபோது அதன் அவசரம் பலமடங்கு கூடியது. உலகின் வேறொரு மூலையில், எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒரு விளையாட்டு உலகமும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வகை மேசை விளையாட்டுகளில், நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், ஒரு கதையைச் சேர்ந்து வளர்ப்பார்கள். ‘ஆட்ட நடத்துநர்’ என்று ஒருவர் இருந்து மற்ற உலகத்தையெல்லாம் இயக்குவார். அங்கேயும் ஆள் போவார். வேலை மாறும், பிள்ளை பிறக்கும், சலித்துப்போகும். அவர் வளர்த்த மந்திரவாதி மட்டும் கதையின் நடுவில் நிற்பான்.

இவ்விரு உலகங்களும் சொல்லிய விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடைகள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் ஒரே கேள்வி கிடப்பதாகத் தோன்றுகிறது: பாத்திரம் யார் கையில் இருக்கிறது? ஏட்டிலா, ஊரிலா, நடிகனின் உடம்பிலா, அதைக் கற்பித்து உண்டாக்கியவரின் மனத்திலா? ஓரிடத்தில் நன்றாக ஓடிய விடை இன்னோரிடத்தில் இடறி விழுவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாடே காரணம்.

ஏட்டில் இருக்கும் அரசன்

மிகப் பழைய விடை கூத்தினுடையது. ஆள் போனால் இன்னோர் ஆள், அவ்வளவுதான். இதைச் சாத்தியமாக்கும் ஏற்பாடுகள் கூத்தின் அமைப்புக்குள்ளேயே இருக்கின்றன.

மாற்றாள் ஒருவர் களரி என்ற ஆடுகளத்துக்குள் வருவதைக் கிட்ட நின்று பார்த்தால் இது விளங்கும். கட்டியகாரன் முன்னே வந்து, அரசன் கொலுவுக்கு வருகிறான் என்று அறிவித்துவிடுகிறான். அரசன் தன் வரவுப் பாட்டில் பெயர், நாடு, குலம், வீரம் எல்லாவற்றையும் தானே சொல்கிறான். ஓரடியை அவன் பாடி விட்டதும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்தச் சிறு இடைவெளியில் அவனுக்கு மூச்சு வாங்கவும் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரவும் நேரம் கிடைக்கிறது. அடி மறந்தால் கொப்பி பார்ப்பவர் எடுத்துக்கொடுப்பார். ஆட்டம் பிசகினால் மத்தளம் இழுத்துப் பிடிக்கும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடியும் உடுப்பும் அரசனைக் காட்டிவிடும். பழகிய ஆள் போய்ப் பழகாத ஆள் வந்தாலும் அரசன் விழுந்துவிடாதபடி நாலு பக்கமும் முட்டுக்கொடுத்த அரங்கு இது.

இதற்கு மேலும் ஒரு படி போகும் வழக்கம் குடாநாட்டில் உண்டு. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஆடப்படும் தென்மோடி என்ற கூத்து வகையில் ஒரு பாத்திரத்தை ஓர் ஆளிடமே விடிய விடிய விட்டுவைப்பதில்லை. முற்பகுதி அரசனாக ஒருவரும் பிற்பகுதி அரசனாக இன்னொருவரும் வருவார்கள். இரவு முழுக்க உச்சக் குரலில் பாடி ஆடுவதற்கு ஓர் உடம்பு போதாது என்பது ஒரு காரணம். ஊரில் பலருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. முன்னவர் திறமா பின்னவர் திறமா என்று அடுத்த நாள் விவாதிப்பதும் பார்ப்பவர்களின் இன்பத்தில் சேர்த்தி. காத்தவராயன் கூத்திலும் இப்படித்தான். ஆதிக் காத்தான், பாலக் காத்தான் என்று தொடங்கிக் கழுமரம் ஏறுகிற காத்தான் வரைக்கும் வெவ்வேறு ஆள்கள் அடுத்தடுத்துக் களரிக்கு வருகிறார்கள். கதைநாயகன் ஒருவனே என்பதில் சபைக்குக் குழப்பம் வருவதில்லை.

ஆனால் ஏட்டை நம்பும் இந்த விடைக்குள்ளும் விரிசல்கள் உண்டு. கொப்பி பாட்டைத்தான் தரும், ஆட்டத்தைத் தராது. தாளக்கட்டும் கால் வைப்பும் மாதக்கணக்கான பழக்கத்தில் ஏறுபவை. அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தவர் பாடலாம், ஆடுவது கடினம். அடுத்தது, பாத்திரப் பங்கீடு எப்போதும் திறமையை மட்டும் பார்த்து நடக்கவில்லை. குடும்பம், சாதி, ஊரில் உள்ள மதிப்பு எல்லாம் அதற்குள் இருந்தன. அரசனுக்கு உரியவர் போனால் அடுத்து யார் என்பது கலைப் பிரச்சினையாகத் தொடங்கி ஊர்ப் பிரச்சினையாக முடியக்கூடியது. மூன்றாவது, நேர்த்தி. அம்மன் கோயில் முன்றிலில் காத்தவராயன் ஆடுவதாக ஒருவர் நேர்ந்துகொண்டிருந்தால், அவர் போன பின் இன்னொருவர் ஆடி அந்த நேர்த்தி தீருமா? இதற்கு ஊருக்கு ஊர் வேறு பதில் சொல்வார்கள். மட்டக்களப்பில் பாத்திரத்தை ஒருவருக்குக் கொடுப்பதை ‘சட்டம் கொடுத்தல்’ என்ற சடங்காகவே செய்வார்கள். கொடுப்பதற்குச் சடங்கு வைத்த மரபு, திருப்பி வாங்குவதற்கு ஒன்று வைத்ததாகத் தெரியவில்லை.

கொட்டகையின் விடையும் அதன் முரணும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்திய நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணக் கொட்டகைகளில் ஆடின. ஊரார் ‘டிறாமா’ என்றே சொல்லிய இந்த இசை நாடகம், போகும் ஆளைப் பற்றிய கவலையை வேறு வழியில் தீர்த்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியும் செப்பனிட்டும் வைத்த நாடகங்கள் எல்லாக் கலைஞருக்கும் பொதுவான பாடமாயின. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர்க்காரராக இருப்பார். ஒத்திகை கிடையாது, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. வள்ளியின் பாகம் தெரிந்தவர் எவரும் எந்த முருகனுக்கும் வள்ளியாகலாம். குழு என்று ஒன்று நிரந்தரமாக இல்லாதபோது, குழுவை விட்டுப் போவது என்பதும் இல்லை.

சிறுவர்களை வைத்து நடந்த பாய்ஸ் கம்பெனிகள் இதன் தலைகீழ் வடிவத்தைக் கண்டன. 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற குழுக்களில் மகரக்கட்டு உடைந்ததும் பையனின் குரல் போய்விடும். ஆள் அங்கேயே இருப்பான், பாத்திரந்தான் அவனை விட்டுப் போகும்.

பாடம் பொது, ஆள் யாராகவும் இருக்கலாம் என்று நிறுவிய இதே அரங்கந்தான், மாற்ற முடியாத ஆள்களையும் உண்டாக்கியது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தம் வசந்த கான சபாவோடு, அரிச்சந்திரன் கதையான ‘மயான காண்டம்’ நாடகத்தை இலங்கை முழுவதும் எண்ணற்ற மேடைகளில் ஆடினார். அந்தக் கதை தெரியாதவர் பார்க்க வந்தவர்களில் யாருமில்லை. சுடலை காக்கும் அரசனை வைரமுத்துவின் குரலில் கேட்கத்தான் ஆட்கள் பாயும் தலையணையுமாகக் கோயில் வீதிக்கு வந்தார்கள். பாத்திரம் ஏட்டிலிருந்து ஓர் உடம்புக்குள் குடிபெயர்ந்துவிட்டது.

அவர் 1989இல் காலமானார். அடுத்த ஆண்டே, 1990 ஜூனில், போர் காரணமாகக் காங்கேசன்துறை உட்பட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்தது. ஆகவே, அவருக்குப் பின் அந்த அரிச்சந்திரன் மங்கினான் என்றால் அது ஆள் போனதாலா, ஊர் போனதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். அரிச்சந்திரனைப் பிறகும் பலர் மேடையேற்றினார்கள். அந்த மேடைகளை வைரமுத்துவோடு ஒப்பிடாமல் பார்க்க ஒரு தலைமுறையால் முடியவில்லை என்பது மட்டும் ஓரளவு உறுதி.

உடம்பில் பாத்திரம் குடியேறினால் என்ன ஆகும் என்பதன் உச்சக்கட்ட உதாரணம் பாடகியும் நடிகையுமான கே. பி. சுந்தராம்பாள். இலங்கை மேடைகளிலும் அவரோடு சேர்ந்து பாடிப் புகழ்பெற்ற கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு, எந்த ஆண் நடிகரோடும் சோடியாக நடிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே நடித்தார். காலியான இடத்தை நிரப்ப மறுத்துவிட்டு, அந்த இடமே இல்லாத வேறு கதைகளைத் தேடிக்கொண்டார். இதை ஒரு துக்க முடிவாக மட்டும் படிப்பவர்கள் அதிலுள்ள அரங்கியல் தெளிவைக் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். மாற்று ஆள் வேண்டாம் என்றால் கதையை மாற்ற வேண்டும். இரண்டையும் மறுத்தால் மேடை நின்றுபோகும்.

எவரையும் மாற்றாளாக்குவதற்கும் மாற்றாளையே மறுப்பதற்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் தயாரித்த ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. பல ஆண்டுகள் கழித்து மட்டக்களப்பில் அதே நாடகத்தைப் புதிய தலைமுறையை வைத்து மீளத் தயாரித்தவரும் அவரே. ஆள் பாத்திரத்தை விட்டுப் போகும்போது ஆசிரியராக மாறிக் கையளித்துவிட்டுப் போகிறார். கையளிப்பவர் பக்கத்திலேயே நிற்கும்போது வாங்கியவர் எப்போது தனக்கென்று ஓர் இராவணனை உண்டாக்குவார் என்ற கேள்வி மிச்சமாகத்தான் இருக்கும்.

‘இவருக்குப் பதில் இவர்’

மேடைக்கு வெளியே, தொலைக்காட்சித் தொடர்களின் விடை எல்லோருக்கும் தெரியும். திரையின் கீழே ஓர் அறிவிப்பு, மறுநாள் புதிய முகம், வீட்டில் அதே அண்ணி. கிண்டலுக்கு ஆளானாலும் இது கூத்தின் விடைக்குத் தூரத்து உறவு. பார்ப்பவரின் சம்மதத்தை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டு நகர்கிறது. சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 அன்று திடீரென்று இறந்தபோது, அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான். ஆனால் முன்னவரின் பேச்சு நடையிலும் அதட்டலிலும் ஊறிப்போயிருந்த ஒரு பாத்திரத்தை வெறும் பெயரோடு கைமாற்றுவது எவ்வளவு பாரம் என்பதைப் பார்வையாளரின் ஒப்பீடுகள் காட்டின. கூத்தரசனுக்கு இருந்த பிற்பாட்டும் கட்டியகாரனும் இவருக்கு இல்லை. நெருக்கக் காட்சியில் முகம் மட்டுந்தான் இருக்கிறது.

பிரித்தானியத் தொடரான ‘டொக்டர் ஹூ’ 1966இல் இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டது. முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் கெட்டபோது, அந்தப் பாத்திரம் உருமாறிப் புது உடம்பு எடுக்கும் இயல்புடையது என்று கதைக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். முதல் உருமாற்றத்தில் வந்தவர் பட்ரிக் ட்ரௌட்டன். பல காத்தான்களைக் கண்ட ஊருக்கு இது அவ்வளவு புதுமையாகத் தோன்றாது.

மேசையைச் சுற்றி

மேசை விளையாட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. இங்கே ஏடு இல்லை. பாத்திரத்தின் வலிமை, அறிவு, ஆயுதம் எல்லாம் எண்களாக எழுதிய ஒரு தாள்தான் உண்டு. அவன் ஏன் தன் ஊரை விட்டு ஓடிவந்தான், யாரைக் கண்டால் சிரிப்பான் என்பதெல்லாம் ஆடுகிறவரின் தலைக்குள் இருக்கின்றன. அவர் நடிகர் மட்டுமல்லர், அந்தப் பாத்திரத்தின் ஆசிரியரும் அவரே. எனவே கூத்தில் மிக வலிமையான விடை, அதாவது இன்னொருவரிடம் கொடுப்பது, இங்கே மிகப் பலவீனமான விடையாகிவிடுகிறது. தாளை வாங்கியவருக்கு எண்கள் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டான்.

நடத்துநரே பாத்திரத்தை ஏற்று நடத்துவது இரண்டாவது வழி. தொடர்ச்சி அறுபடாது என்பது இதன் பலம். ஏற்கெனவே உலகம் முழுவதையும் சுமப்பவரின் தோளில் இன்னொரு சுமை ஏறும் என்பது உடனடிப் பலவீனம். அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. நடத்துநருக்குக் கதையின் இரகசியங்கள் தெரியும். அவர் வாயால் பேசும் துணைவன் சொல்வதையெல்லாம் மற்றவர்கள் உத்தரவாகவே கேட்பார்கள். சில வாரங்களில் அந்தப் பாத்திரம் மூலையில் பேசாமல் நிற்கும் பொம்மையாகிவிடுவதே பொதுவான முடிவு.

மூன்றாவது, கொன்றுவிடுவது. கதைக்கு ஒரு பாரமான காட்சி கிடைக்கும், சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவும் கிடைக்கும். கோபத்தில் பிரிந்தவரின் பாத்திரத்துக்கு நேரும் சாவு பெரும்பாலும் பழிவாங்கலாகவே படிக்கப்படும். அவர் பின்னர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் இதில் பதில் இல்லை. நான்காவது, கதைக்குள் ஒரு காரணம் சொல்லி அனுப்பிவைப்பது: தாய்க்குச் சுகமில்லை, மடத்துக்குப் போகிறான், தன் ஊரைக் காக்கத் திரும்புகிறான். பெரும்பாலான அனுபவசாலிகள் இதையே முதலில் பரிந்துரைக்கிறார்கள். போகிறவர் கடைசி ஆட்டத்தில் இருந்து தம் பாத்திரத்தின் விடையைத் தாமே சொல்லிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. அப்போது நடைமுறைச் சிக்கல்களும் தீரும். வெளிநாடு போகிறவர் சைக்கிளைத் தம்பிக்கு விட்டுப்போவதுபோல, மந்திர வாளை யாருக்கு விடுவது என்பதை அவரே முடிவெடுத்துவிடுவார்.

இந்த வழிகளின் எல்லைகளை ஒரே கதையில் காட்டுவது, 2015இல் இணையத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சி. குரல் நடிகர்கள் கூடி ஆடிய அந்த ஆட்டத்திலிருந்து ஒருவர் அதே ஆண்டில் விலகினார். அவருடைய மந்திரவாதி டைபீரியஸ் முதலில் தன் நாட்டுக்குப் புறப்பட்டுப் போனதாகக் கதை சொல்லியது. சில காலம் கழித்து அந்த நாடு அழிந்ததில் அவனும் இறந்துகிடந்ததைத் தோழர்கள் கண்டார்கள். திறந்து வைத்த கதவு பிறகு மூடப்பட்டது. 2022இல் அதே கதை அசைபடத் தொடராக வந்தபோது டைபீரியஸ் அதில் இடம்பெறவேயில்லை. அனுப்புதல், கொல்லுதல், அழித்தல் மூன்றையும் ஒரே பாத்திரம் கண்டுவிட்டது. உண்டாக்கியவர் போன பின் அவர் உண்டாக்கியதைக் குழு எவ்வளவு தூரம் தொடலாம் என்ற கேள்வி இதில் அப்பட்டமாக நிற்கிறது.

ஐந்தாவது வழி முன்னேற்பாடு. 2000களில் பென் ராபின்ஸ் என்ற அமெரிக்கர் ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்ற பெயரில் நடத்திய ஆட்டத்தில் நிலையான குழுவே கிடையாது. பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களில் அன்றைக்கு யாருக்கு வசதியோ அவர்கள் கூடுவார்கள், காட்டுக்குள் போவார்கள், ஆட்டம் முடியும்போது எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். வராதவரின் பாத்திரம் ஊரில் இருப்பதாகக் கொள்ளப்படும். ஸ்பெஷல் நாடகத்தை அறிந்தவருக்கு இது பழகிய ஏற்பாடாகவே படும். இழப்பும் ஒரேமாதிரியானதுதான். பிரிவு உறுத்தாத அமைப்பில், நீண்டகாலம் சேர்ந்து ஆடியதால் விளையும் உறவின் ஆழமும் குறைவாகவே இருக்கும்.

பாதிப் பிரிவு

மேலே கண்ட விடைகள் எல்லாம் ஒரு கருதுகோளில் நிற்கின்றன: போனவர் போய்விட்டார். யாழ்ப்பாணத்தின் அனுபவம் இந்தக் கருதுகோளையே அசைக்கிறது. கனடாவுக்கோ நோர்வேக்கோ போனவர் போனவர்தானா? தொலைபேசியில் இருக்கிறார், கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்புகிறார், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்திறங்கித் தன் பழைய பாத்திரத்தை இப்போது ஆடுபவரைப் பற்றி அபிப்பிராயமும் சொல்கிறார். இப்படிப்பட்ட ஆளின் பாத்திரத்தைக் கொல்லுவது நடைமுறைக்கு ஒவ்வாது, முழுதாகக் கைமாற்றுவதும் சங்கடமானது.

பாதிப் பிரிவுக்கு மேசை விளையாட்டு ஓரிரு வழிகளைக் கண்டிருக்கிறது. அதே ‘கிரிட்டிக்கல் ரோல்’ ஆட்டத்தில், படப்பிடிப்புக்காக அடிக்கடி வராமலிருந்த நடிகையின் பாத்திரமான பைக், உடல் வேறிடத்தில் இருக்க உருவம் மட்டும் தோழர்களிடம் வந்துபோகும் மாய வடிவில் சிலகாலம் கதையில் தோன்றியது. வரமுடியாததையே பாத்திரத்தின் இயல்பாக்கிய உத்தி இது.

ஈழத்து நாடகம் இதை மேடையில் வேறுவிதமாகத் தொட்டது. 1978இல் தோன்றிய தமிழ் அவைக்காற்றுக் கலைக்கழகம், க. பாலேந்திராவின் நெறியாள்கையில், டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தைக் ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்று மேடையேற்றியது. அதில் வீட்டை விட்டுப் போன தகப்பன் சுவரில் தொங்கும் படமாக மட்டும் இருக்கிறார். மகனும் போய்விட்டான், போனவனே வந்து நின்று கதையைச் சொல்கிறான். அந்த நாடகத்தை ஆடிய குழுவும் சில ஆண்டுகளில் புலம்பெயர்ந்து இலண்டனில் தன் பணியைத் தொடர்ந்தது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோரை மையமாக்கியது. அங்கே வராத பாத்திரங்கள் மேடையில் இருப்பவர்களைவிடக் கனமாக இருக்கின்றன. காலி இடத்தை நிரப்பாமல் காலியாகவே காட்டுவது என்ற இந்த விடை, நாடக ஆசிரியனுக்குக் கிடைத்த அளவுக்கு ஒரு கூத்துக் குழுவுக்கோ விளையாட்டு மேசைக்கோ எளிதாகக் கிடைக்காது. எழுதிய இல்லாமைக்கும் தானாக நேர்ந்த இல்லாமைக்கும் உள்ள தூரம் அது.

பெயர் வேண்டாத பாத்திரங்கள்

1978இல் யாழ்ப்பாணத்தில் உருவான நாடக அரங்கக் கல்லூரியின் வழியிலும், 1980களின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலிலும் வளர்ந்த நவீன அரங்கு இன்னொரு பக்கமாக நகர்ந்தது. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ (1985) குடாநாட்டின் ஊர்களுக்கெல்லாம் போனது. எடுத்துரைஞரும் குழுவுமாக அமைந்த அந்த அரங்கில் ஒரு தனி நாயகன்மேல் நாடகத்தின் முழுப் பாரமும் விழவில்லை. ஊரின் துயரைப் பலர் மாறிமாறிச் சொன்னார்கள்.

இந்த வடிவம் கலைத் தேர்வாகவே வந்தது, ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் அரங்கையும் மரபுக் கூத்தையும் சேர்த்துப் பார்த்ததன் விளைவு என்பதே வழக்கமான விளக்கம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நடிகர் எவர் அடுத்த வாரம் இருப்பார் என்று தெரியாத ஒரு காலத்தில், ஒருவர் போனாலும் குலையாத வடிவம் நிலைத்தது தற்செயலா என்று கேட்க இடமுண்டு. இது ஊகம் என்ற அளவிலேயே முன்வைக்கத்தக்கது. பிரிவுக்கு விடை சொல்லும் பொறுப்பை இங்கே வடிவமே எடுத்துக்கொண்டது என்று மட்டும் சொல்லலாம். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் மக்கள் இடம்பெயர்ந்து வலிகாமமே வெறுமையானபோது எந்த வடிவமும் போதவில்லை. ஆள் போய்க் குழு எஞ்சுவதற்கான விடைகள், குழு முழுவதும் சிதறும்போது உதவுவதில்லை.

எஞ்சி நிற்பவை

மதிப்பிட்டுப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். பாடமும் சடங்கும் வலுவாக இருக்கும் இடத்தில் கைமாற்றம் நன்றாகவே ஓடும். பாத்திரத்தை ஆடுபவரே ஆக்கியிருந்தால் அனுப்பிவைப்பதும், போகிறவரிடமே கேட்பதும் குறைந்த சேதம் தரும். கொல்லுவது எங்கேயும் கடைசி வழியாகவே இருக்கத்தக்கது. மேசைக்காரர் பலர் அதை முதல் வழியாக எடுப்பது சோம்பல் என்பதே என் எண்ணம். ஆளை நம்பாத வடிவத்தை முன்கூட்டியே அமைப்பது பாதுகாப்பானது. ஆனால் அப்படிப்பட்ட வடிவத்திலிருந்து ஒரு வைரமுத்து வருவாரா என்பது ஐயமே.

தீராதவை அதிகம். போனவரின் ஒப்புதலுக்கு எவ்வளவு எடை? உயிரோடு இருப்பவரிடம் கேட்கலாம். இறந்தவரின் குரலும் உருவமும் ஒலிப்பேழையிலும் காணொளியிலும் இருக்கும்போது, அடுத்து ஆடுபவர் போட்டியிடுவது ஒரு நினைவோடு மட்டுமல்ல, எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஓடவிடக்கூடிய பதிவோடு. கூத்தின் பழைய கைமாற்ற முறை இந்தப் போட்டியைக் கணக்கில் எடுத்து உருவானதல்ல. ஆடுவோர் வட்டமும் மாறிவிட்டது. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்கள் அரசர்களாக ஆடுகிறார்கள். ஆண்கள் போன இடத்தை அவர்கள் நிரப்பினார்களா, தமக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டார்களா என்பது தனியாக ஆராயத்தக்கது.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்பட்டது திரும்பி வருபவர் பற்றிய கேள்வி. இருபது ஆண்டு கழித்து ஊருக்கு வருபவர் தன் பழைய அரசனைக் கேட்டால் இடையில் அதை ஆடிக் காப்பாற்றியவர் என்ன செய்ய வேண்டும்? முற்பகுதிக்கு ஒருவர், பிற்பகுதிக்கு ஒருவர் என்ற கரையோர வழக்கம் ஒரு சமரசத்தைத் தரக்கூடும். ஆனால் இருவரில் யார் முற்பகுதி என்பதை எந்த அண்ணாவியாரும் இதுவரை விதியாக எழுதிவைக்கவில்லை, மேசை விளையாட்டின் விதிப் புத்தகங்களிலும் அதற்கான பக்கம் இல்லை.